கடிதத்தைக் கொடுத்தது யார்?

நெகிரி செம்பிலானில் உள்ள பகாவ் என்ற ஊரை நம்மில் பலர் ரயிலில் கடந்திருப்போம். 1910ஆம் ஆண்டில் கெமாசிலிருந்து புறப்பட்ட கிழக்குக் கரை ரயில்பாதை முதலில் வந்து நின்ற ஊர் அது. பிறகு பாதை பகாங்கைக் கடந்து, 1931இல்தான் கிளந்தானுடன் முழுமையாக இணைந்தது. ஊரைச் சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. கெடிஸ், கெல்பின், மிடல்டன், சுங்கை செபாலிங், ஜெராம் பாடாங் என்னும் தோட்டப் பெயர்களைத் தமிழ்ப் பள்ளிகளின் பெயர்களாகவும் நாம் அறிவோம். அங்கே பால்மரம் வெட்ட வந்தவர்களின் ஊரும் உறவும் கடலுக்கு அப்பால் இருந்தன. இரண்டு கரைகளையும் இணைத்து வைத்திருந்தது கடிதம்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மின்னஞ்சலின் பாதுகாப்பு. அதிலும் மனிதருக்கு மனிதர் எழுதும் மின்னஞ்சல் அன்று. கணினியில் ஓடும் ஒரு நிரல் தானே எழுதி, தானே அனுப்பும் மின்னஞ்சல். பணம் கட்டியதற்கு ரசீது, ஒரு முறை மட்டுமே செல்லும் கடவு எண், விண்ணப்பம் வந்து சேர்ந்ததென்ற தகவல், நேர்காணலுக்கு அழைப்பு ஆகியவை எல்லாம் இப்போது இப்படித்தான் வருகின்றன. இவற்றை அனுப்பும் அஞ்சல் சர்வரை எப்படி அமைப்பது என்பது பொறியாளர்களின் வேலை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்த அமைப்பின் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது. பகாவ் தோட்டத்துத் தபால் பையைப் பார்த்துவிட்டு வந்தால், அந்த வரலாறு எளிதாக விளங்கும்.

தோட்டத்தில் ஒருவருக்குத் தனி முகவரி என்று ஒன்று கிடையாது. பெயர், தோட்டத்தின் பெயர், பகாவ், நெகிரி செம்பிலான், அவ்வளவுதான். தபால் பை தோட்ட ஆபீசுக்கு வரும். அங்கே கிராணியின் கையைக் கடந்துதான் கடிதம் லயத்துக்கு வரும். வந்த கடிதத்தைப் பலருக்குப் படிக்கத் தெரியாது. யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். ஊரிலிருந்து எழுதியவருக்கும் எழுதத் தெரிந்திருக்காது; அங்கேயும் யாரோ ஒருவர்தான் எழுதிக் கொடுத்திருப்பார். ஆகவே கையெழுத்தைப் பார்த்து, இது நம் அண்ணன் கடிதம், இது நம் அம்மா கடிதம் என்று சொல்வதற்கு வழியில்லை. குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒரு செய்தி கடிதத்தில் இருந்தால்தான் நிச்சயம்.

தபால் இலாகா இதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. சாதாரணக் கடிதத்தை யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரிலும் எழுதிப் பெட்டியில் போடலாம். இலாகா பார்ப்பது தபால் தலையை மட்டுமே. ஆனால் அதே இலாகாவில் இன்னொரு ஜன்னலும் இருந்தது. ரிஜிஸ்டர் கடிதத்தைப் பெட்டியில் போட முடியாது. ஜன்னலுக்குப் போய்க் கையில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். உறையின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நீலக் கோடு, எண்ணிட்ட சீட்டு, தேவையானால் அரக்கு முத்திரை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும்போதெல்லாம் ஏட்டில் பதிவு. இந்தியாவில் 1880இல் தொடங்கிய மணியார்டரிலும் இதே கண்டிப்பு உண்டு. பணம் பெற்றவர் கையெழுத்திட வேண்டும். இயலாதவர் சாட்சி வைத்துக் கைநாட்டு வைக்க வேண்டும். தோட்டத் தொழிலாளி இரண்டு ஜன்னல்களையும் வேறுபடுத்தி அறிந்திருந்தார். நலம் விசாரிக்கப் பெட்டி. பணமும் பத்திரமும் என்றால் ஜன்னல்.

மின்னஞ்சல் பிறந்தபோது பெட்டி மட்டும்தான் இருந்தது. ஜன்னல் இல்லை. இனி நாம் சொல்லப் போவது அந்த ஜன்னல் வந்த கதை.

1971இல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்னும் பொறியாளர் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு முதன்முதலாக வலையமைப்பு வழியே கடிதம் அனுப்பினார். ஆளின் பெயருக்கும் கணினியின் பெயருக்கும் நடுவே நாம் இன்றும் போடும் அந்தச் சுழி அவர் தேர்ந்தெடுத்ததே. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1982 ஆகஸ்டில், ஜான் போஸ்டெல் என்பவர் கடிதம் கைமாறும் முறையை ஒரு விதித்தொகுப்பாக எழுதி வெளியிட்டார். எஸ்.எம்.டி.பி. என்பது அதன் பெயர். உலகத்து மின்னஞ்சல் அனைத்தும் இன்றும் அதன் மேல்தான் ஓடுகிறது.

அந்த உரையாடலைக் கேட்டால் நேயர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஒரு கணினி மற்றொன்றின் கதவைத் தட்டி ‘ஹெலோ, நான் இன்னார்’ என்கிறது. மற்றது 250 என்ற எண்ணைச் சொல்கிறது. ‘சரி’ என்று அதற்குப் பொருள். ‘இந்தக் கடிதம் இன்னாரிடமிருந்து’ என்கிறது; 250. ‘இன்னாருக்கு’ என்கிறது, 250. பிறகு கடிதம். இன்னார் என்று சொன்னவர் உண்மையில் இன்னார்தானா என்று ஓரிடத்திலும் கேள்வி இல்லை. போஸ்டெலைக் குறை சொல்வது நியாயம் ஆகாது. அப்போது அந்த வலையமைப்பில் இருந்தவை சில நூறு கணினிகள். பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக் கூடங்களும். ஒரு லயத்தில் இருப்பவர்கள் கதவைத் தாழிடாமல் தூங்குவது போன்ற நிலை அது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. யார் கடிதம் கொண்டு வந்தாலும், அது தனக்கு உரியது அல்ல என்றாலும், வாங்கி அடுத்த ஊருக்கு அனுப்பிவைப்பது நல்ல சர்வரின் கடமை என்று கருதப்பட்டது. இணைப்புகள் அடிக்கடி அறுந்துபோன காலத்தில் அது பேருதவி. ஆனால் பிற்காலத்தில் மிகப் பெரிய தொல்லை நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான்.

முதல் எச்சரிக்கை எஸ்.எம்.டி.பி.க்கும் முன்பே வந்தது. 1978 மே மாதத்தில் ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனையாளர், தம் புதிய இயந்திரத்தைப் பார்க்க வரும்படி ஏறத்தாழ நானூறு பேருக்கு ஒரே விளம்பரக் கடிதத்தை அனுப்பினார். பலர் கோபித்துக்கொண்டார்கள், அத்துடன் விட்டார்கள். 1988 நவம்பர் 2ஆம் நாள் வந்த எச்சரிக்கையை அப்படி விட முடியவில்லை. ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் எழுதிவிட்ட ஒரு நிரல், தன்னைத் தானே படியெடுத்துக்கொண்டு கணினி கணினியாகப் பரவியது. அது புகுந்த வழிகளில் ஒன்று, அன்று பெரும்பாலான இடங்களில் ஓடிக்கொண்டிருந்த சென்ட்மெயில் என்னும் அஞ்சல் நிரல். பிழை திருத்துவதற்காக வைத்திருந்த ஒரு பின்வாசல் பல இடங்களில் அடைக்கப்படாமல் இருந்தது. ஏறத்தாழ 6000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அன்று மதிப்பிட்டார்கள்.

நம் நாட்டில் மைமோஸ் நிறுவனத்தின் ஜாரிங் சேவை மூலம் 1990களில் இணையம் பரவத் தொடங்கியது. தமிழர்களுக்கு அது தனிச் சிறப்புடைய காலம். மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய தமிழ் மென்பொருளின் பெயரே முரசு அஞ்சல். 1995இல் தொடங்கிய தமிழ்.நெட் மடற்குழுவில் பல நாட்டுத் தமிழர்கள் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொள்ள அது துணைநின்றது. ஆனால் போஸ்டெலின் விதிகள் ஆங்கில எழுத்துகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஓர் எழுத்துக்கு ஏழு பிட்டுகள்தாம் உறுதி. எட்டாவது பிட்டில் அமர்ந்திருந்த தமிழ் எழுத்துகளை வழியிலுள்ள சில சர்வர்கள் வெட்டி எறிந்தன. கடிதம் போய்ச் சேரும்போது வெறும் கிறுக்கலாக இருக்கும். 1992இல் வெளிவந்த மைம் என்னும் முறை, எந்த எழுத்தையும் பாதுகாப்பாகப் பொதிந்து அனுப்ப வழி செய்தது. வழியில் நிற்பவர் கடிதத்தில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழர்கள் இவ்வாறு கொஞ்சம் முன்கூட்டியே அறிந்துகொண்டார்கள் என்று சொல்லலாம்.

இதே ஆண்டுகளில்தான் விளம்பரக்காரர்களும் மோசடிக்காரர்களும் மின்னஞ்சலைக் கண்டுபிடித்தார்கள். யாருடைய கடிதத்தையும் வாங்கி அனுப்பும் திறந்த சர்வர்கள் உலகமெங்கும் இருந்தன. அவற்றில் ஏதாவது ஒன்றின் முதுகில் லட்சக்கணக்கான கடிதங்களை ஏற்றிவிடுவது எளிதாயிற்று. பழி சர்வர் வைத்திருந்தவர் தலையில் விழுந்தது. அவருடைய முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறும். பிறகு அவருடைய உண்மையான கடிதங்களையும் எவரும் வாங்கமாட்டார்கள். 1998இல் வந்த சென்ட்மெயில் பதிப்பு, அந்நியருடைய கடிதத்தை வாங்கி அனுப்பும் வழக்கத்தை இயல்பு நிலையிலேயே நிறுத்திவிட்டது. அதே ஆண்டின் இறுதியில் வீட்சே வெனிமா என்பவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் எழுதிய போஸ்ட்ஃபிக்ஸ் வெளிவந்தது. ஒரே பெரிய நிரலிடம் எல்லா அதிகாரத்தையும் கொடுக்காமல், வாங்குவதற்கு ஒன்று, வரிசைப்படுத்துவதற்கு ஒன்று, அனுப்புவதற்கு ஒன்று என வேலையைப் பிரித்துக் கொடுத்திருந்தார் அவர். ஒன்று கெட்டாலும் மற்றவற்றின் சாவி அதனிடம் இராது.

ஜன்னலும் அப்போதுதான் திறந்தது. 1998 டிசம்பரில் வெளியான ஒரு விதி, கடிதம் கைமாறும் இடத்தையும் கடிதத்தை முதன்முதலில் ஒப்படைக்கும் இடத்தையும் பிரித்தது. சர்வருக்குச் சர்வர் பேசிக்கொள்ள 25ஆம் எண் வாசல். எழுதியவர் தம் சர்வரிடம் ஒப்படைக்க 587ஆம் எண் வாசல். அடுத்த ஆண்டிலேயே இரண்டு துணைவிதிகள் சேர்ந்தன. ஒன்று, ஒப்படைப்பவர் பெயரும் கடவுச்சொல்லும் சொல்லித் தம்மை மெய்ப்பிக்க வேண்டும் என்பது. மற்றொன்று, உரையாடல் தொடங்கியதும் இருவரும் சங்கேத மொழிக்கு மாறிக்கொள்ளலாம் என்பது. இரண்டாவது இல்லாமல் முதலாவது ஆபத்து. வழியில் காது வைத்திருப்பவனுக்குக் கடவுச்சொல்லை நாமே வாசித்துக் காட்டியது போலாகும். தொடக்கத்திலேயே சங்கேதத்தில் பேசும் 465ஆம் எண் வாசலே மேலானது என்று 2018இல் வெளியான விதி பரிந்துரைத்தது. இப்போது இரண்டும் வழக்கில் உள்ளன.

ஆனால் இதுவரை சொன்னது நம் ஊர்த் தபாலாபீசுக்கும் நமக்கும் இடையே உள்ள உறவு. கடிதம் பெறும் அடுத்த ஊருக்கு என்ன தெரியும்? உங்கள் ஊர் ஜன்னலையே நாடாத ஒருவன், உங்கள் பெயரை உறையில் எழுதி நேரே அந்த ஊருக்குக் கொண்டுபோனால் அவர்கள் எப்படி அறிவார்கள்?

இந்தக் கேள்விக்கு முதல் விடைகளில் ஒன்றைத் தொகுத்தவர் நம் அண்டை நாட்டவர். சிங்கப்பூரரான வோங் மெங் வெங், எஸ்.பி.எஃப். என்ற முறையை 2003இல் முன்வைத்தார். 2006இல் அது விதித்தொகுப்பில் ஏறியது. இணையத்தில் ஒவ்வொரு பெயருக்கும் எவரும் பார்க்கக்கூடிய பதிவேடு ஒன்று உண்டு. ‘எங்கள் பெயரில் கடிதம் கொண்டுவர இந்த இந்த முகவரியிலுள்ள சர்வர்களுக்கு மட்டுமே உரிமை’ என்று அதில் எழுதி வைத்துவிடுவதுதான் எஸ்.பி.எஃப். தோட்டத்தின் தபால் பையைக் கொண்டுவர இன்ன ஆளுக்கு மட்டும் அனுமதி என்று துரை போஸ்டாபீசுக்கு எழுதிக் கொடுப்பது போல. ஒரு குறை உண்டு. நடுவில் ஒருவர் கடிதத்தை வாங்கி வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்பினால், கொண்டுவந்த ஆள் மாறிவிடுகிறார். உண்மையான கடிதமும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது.

ஆகவே கொண்டுவந்த ஆளை விட்டு, கடிதத்தின் மீதே முத்திரை வைக்க நினைத்தார்கள். யாகூவும் சிஸ்கோவும் தனித்தனியே செய்துவந்த முயற்சிகள் ஒன்றாகி, 2007இல் டி.கே.ஐ.எம். என்ற விதியாயின. அனுப்பும் சர்வரிடம் ஓர் இரகசியச் சாவி இருக்கும். அதற்கு இணையான பொதுச் சாவி பதிவேட்டில் இருக்கும். இரகசியச் சாவியால் கடிதத்துக்கு முத்திரை. பொதுச் சாவியால் சோதனை. வழியில் முத்திரைக்கு உட்பட்ட ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை பொருந்தாது.

அரக்கு மெலிந்திருந்தால் முத்திரையால் பயன் என்ன? இதற்கு ஒரு நல்ல கதை உண்டு. 2011 இறுதியில் சாக்கரி ஹாரிஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞருக்குக் கூகுள் நிறுவனத்திடமிருந்து வேலைக்கு அழைப்பாக ஒரு மின்னஞ்சல் வந்தது. உண்மையோ பொய்யோ என்று முத்திரையைச் சோதித்தவர், சாவியின் நீளம் 512 பிட்டுகள்தாம் என்று கண்டார். இது தமக்கு வைத்த பரீட்சை போலும் என்று எண்ணிச் சாவியை உடைத்தார். நிறுவனத்தின் தலைவர்களில் ஒருவர் மற்றவருக்கு எழுதியது போல ஒரு கடிதத்தைத் தயாரித்து அனுப்பியும் வைத்தார். பரீட்சை அல்ல, உண்மையான குறைபாடே. விரைவிலேயே சாவி நீண்டது. இன்று 2048 பிட்டுகள் வைக்கச் சொல்வதன் பின்னணி இதுவே.

மூன்றாவதாக வந்தது டிமார்க். 2012இல் அறிவித்து, 2015இல் விதித்தொகுப்பாக வெளியிட்டார்கள். பதிவேட்டில் உள்ள அனுமதியும் முத்திரையும் பொருந்தாத கடிதத்தை என்ன செய்வது என்று பெயருக்கு உரியவரே அறிவித்துவிடும் ஏற்பாடு அது. விட்டுவிடு, ஒதுக்கி வை, திருப்பி அனுப்பு என்று மூன்றில் ஒன்றைச் சொல்லலாம். தம் பெயரில் உலகெங்கும் யார் யார் கடிதம் அனுப்புகிறார்கள் என்ற அறிக்கையும் நாள்தோறும் வந்து சேரும். 2024 பிப்ரவரியிலிருந்து, பெருமளவில் கடிதங்கள் அனுப்புவோர் இம்மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுளும் யாகூவும் கட்டளையிட்டன. எழுதி வைத்த விதி கட்டாயமாவதற்கு இவ்வளவு காலம் பிடித்தது.

இனிப் பகாவுக்குத் திரும்புவோம். அங்கே ஒரு சிறிய சங்கம், தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை வழங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பம் இணையத்தில். நேர்காணல் நாளை நிரல் மின்னஞ்சலில் அனுப்பும். சர்வர் சரியாக அமையாவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். உண்மையான அழைப்பு குப்பைப் பெட்டிக்குள் போய்க் கிடக்கும். பிள்ளை அறியாமல் நாள் கடந்துவிடும். அல்லது எவனோ ஒருவன் சங்கத்தின் பெயரில் எழுதி, பதிவுக் கட்டணமாக ஐம்பது வெள்ளி அனுப்பச் சொல்வான். பால்மரம் வெட்டும் தாய் அனுப்பிவிடுவாள்.

சங்கத்தார் என்ன செய்யவேண்டும்? நிரலிலிருந்து நேரே உலகத்துக்கு அனுப்ப முயலக்கூடாது. தங்கள் சர்வரின் ஒப்படைப்பு வாசலில், சங்கேதத்தில், கடவுச்சொல்லுடன் கொடுக்கவேண்டும். நிரலுக்கென்று தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் வேண்டும். செயலாளரின் சொந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்கவே கூடாது. அந்தக் கடவுச்சொல்லை நிரலின் உள்ளே எழுதிவைப்பதும் தவறு. இதை நாம் பட்டறிந்து சொல்கிறோம். நமக்குத் தெரிந்த குழு ஒன்றுக்காக நாம் அமைத்த நிரலில் அவசரத்துக்கு அப்படி எழுதி வைத்தோம். நிரலின் படி ஒன்று கை மாறியது. சில வாரங்களில் குழுவின் பெயரில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கடன் விளம்பரம் போய்க்கொண்டிருந்தது. கடவுச்சொல்லை மாற்ற ஐந்து நிமிடம் ஆயிற்று. கறுப்புப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கப் பல நாட்கள் ஆயின.

சர்வர் தன் ஊராரின் கடிதத்தைத் தவிர அந்நியர் கடிதத்தை வெளியூருக்கு அனுப்பாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். அதன் எண் முகவரியைத் தலைகீழாகத் தேடினாலும் அதே பெயர் வரவேண்டும். எஸ்.பி.எஃப். வரி ஒரு பெயருக்கு ஒன்றே இருக்கலாம். இரண்டு எழுதினால் இரண்டும் கெடும். அதைச் சரிபார்க்கப் பதிவேட்டைப் பத்து முறைக்கு மேல் புரட்டும்படி வைத்தாலும் செல்லாது. டிமார்க்கில் எடுத்த எடுப்பில் ‘திருப்பி அனுப்பு’ என்று எழுதுவது வீரமாகத் தோன்றும். ஆனால் சங்கத்தின் கணக்காளர் வேறொரு சேவை வழியாக ரசீது அனுப்பிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் தெரியவரும். முதலில் ‘விட்டுவிடு’ என்று வைத்து, சில வாரம் அறிக்கைகளைப் படித்து, பிறகு படிப்படியாக இறுக்குவதே முறை.

முத்திரை சொல்வது, கடிதம் யார் பெயரில் வந்தது என்பதை மட்டுமே. 2000ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்சிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றிய ‘ஐ லவ் யூ’ கடிதம், பெற்றவரின் நண்பருடைய உண்மையான கணினியிலிருந்தே வந்தது. இன்றைய மூன்று சோதனைகளையும் அது வெற்றியுடன் கடந்திருக்கக்கூடும்.

ஜிமெயில் வைத்திருக்கும் நேயர்கள், கணினியில் ஒரு கடிதத்தைத் திறந்து, அதன் மூலவடிவத்தைக் காட்டும்படி கேட்டுப் பாருங்கள். எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற பெயர்களும், எதிரே ‘பாஸ்’ என்றோ ‘ஃபெயில்’ என்றோ ஒரு சொல்லும் தெரியும். அதற்குக் கீழே, கடிதம் கைமாறிய ஒவ்வொரு சர்வரும் நாளும் நேரமும் இட்டு எழுதிய வரிகள் இருக்கும். கடைசிக் கை மேலே, முதல் கை கீழே. ரிஜிஸ்டர் கடிதத்தோடு ஓர் ஒப்புகை அட்டையும் இணைத்து அனுப்பினால், அது பெற்றவரின் கையெழுத்தோ கைநாட்டோ தாங்கித் திரும்பி வரும். மின்னஞ்சலுக்கு அப்படி உறுதியான அட்டை இன்றுவரை வரவில்லை. போஸ்டெல் 1982இல் எழுதிய அந்த 250 மட்டும் வருகிறது. அடுத்த கை வாங்கிக்கொண்டது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. ஆதலால் சங்கத்தார் நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்பு, பதில் எழுதாத பிள்ளைகளின் வீட்டுக்குத் தொலைபேசியிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.